டீக்குப் போட்ட கையெழுத்து

எங்கள் கடைவீதியில் வண்டியை நிறுத்தினால் எவ்வளவு அபராதம் போடலாம் என்று முடிவு செய்ய, பதினோரு பேர் ஏழு மாதம் உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருத்தி. திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டிவிடுங்கள். செருப்புக்கடைக்காரர் ஏற்கெனவே ஒரு சுற்று திட்டி முடித்துவிட்டார். துணிக்கடை அண்ணன் திட்டுவதற்குக்கூட மனமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். திட்டையாவது தாங்கிக்கொள்ளலாம், இந்த முகம் திருப்புவதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாக. முன்பக்கம் நான் கண்ணைச் சோதித்து பவர் எழுதுவேன். பின்பக்கம் எங்கள் வீட்டுக்காரர் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவார். அவர் ஒரு நாளைக்கு மொத்தமாக இருபது வார்த்தை பேசினால் அதிகம். அதில் பாதி மெஷினைத் திட்டுவது.

கண் சோதனை என்பது கத்தரிக்காய் வாங்குகிற வேலை இல்லை. சொட்டு மருந்து விட வேண்டும். விட்ட பிறகு அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். அதற்கப்புறம்தான் விளக்கைப் பிடித்து உள்ளே பார்க்கவே முடியும். எப்படிப் பார்த்தாலும் ஒரு மணி நேரம். இதில் அவசரப்பட்டால் கண் போகும், கண் போனால் என் கடை எதற்கு?

இப்படி இருக்கையில் நகராட்சி ஒரு நாள் காலையில் வந்து தெரு நெடுக போர்டு நட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் வண்டி நிறுத்தினால் அபராதம். முதல் வாரமே மாட்டியவர் ஒரு பாட்டு வாத்தியார். மனைவி கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். சோதனை முடிந்து வெளியே போனால் வைப்பரில் ஒரு சீட்டு. வாத்தியாருக்கு மருந்து விட்ட கண், ஒன்றும் தெரியவில்லை. "என்னம்மா அது?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, ஏதோ விளம்பரம்" என்று அந்த அம்மா சீட்டைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அவர்கள் வரவே இல்லை.

என் தம்பி நகராட்சியில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், பாதிச் சாப்பாட்டில் சொன்னான்.

"அக்கா, இந்த அபராதத்த எவ்வளவு வைக்கலாம், எத்தன நிமிஷம் வைக்கலாம்னு பேச ஒரு குழு போடறாங்க. வணிகர் பிரதிநிதின்னு ஒரு நாற்காலி இருக்கு. நீ வந்து உக்காரு. உள்ள இருந்து ஒரு வார்த்த சொன்னா போதும், அரை மணி ஒரு மணி ஆயிடும்."

"எனக்கு மீட்டிங்ல எல்லாம் பேசத் தெரியாதுடா."

"நான் இருக்கேன்லக்கா?"

நான் இருக்கேன்ல என்றான். அம்மா ஷிஃப்ட் வேலைக்குப் போன நாட்களில் அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் நான். நகராட்சித் தேர்வு எழுத அவன் உள்ளே போனபோது மூன்று மணி நேரம் வெயிலில் வாசலில் நின்றவளும் நான்தான். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவேன், நீங்களே சொல்லுங்கள்.

தெருவில் பேசினோம். "கண்ணாடி அக்காவே போகட்டும்" என்றார் செருப்புக்கடைக்காரர். "நமக்கெல்லாம் சுர்ருனு கோவம் வரும். அக்கா நாள் பூரா 'இது தெளிவா, அது தெளிவா'ன்னு ஒரே கேள்விய நூறு தடவ கேக்கறவங்க. பொறும ஜாஸ்தி." துணிக்கடை அண்ணன் எழுந்து நின்று, "எங்க எல்லாருக்கும் சேத்து நீதாம்மா" என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது.

குழுவின் பெயர், 'மையக் கடைவீதி வாகன நிறுத்த அபராத நிர்ணய மற்றும் வணிகத் தாக்க ஆய்வுக் குழு.' முதல் கூட்டத்தில் பாதி நேரம் இந்தப் பெயரில் 'மற்றும்' வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே போனது. நான்காவது மாடியில் நீளமான அறை. ஆளுக்கொரு மைக். மைக்கை எரியவைக்கும் பொத்தான் தலைவரின் மேஜையில் இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "அபராதம்னா மக்கள் தண்டனைன்னு நினைக்கிறாங்க. தப்பு. அபராதம்ங்கறது நகராட்சி மக்களோட நடத்துற உரையாடல். நாம எத்தனையோ கடிதம் போடறோம், யாரும் பதில் போடறதில்ல. இதுக்கு மட்டும்தான் வரிசையில நின்னு பதில் சொல்றாங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். என் ஒரு மணி நேரம் ஒன்பதாவது எண்ணில், 'இதர' என்ற தலைப்பின் கீழ் இருந்தது.

இரண்டாவது எண், அபராதச் சீட்டின் நிறம். "வெள்ளைன்னா துக்கமா இருக்கு" என்றார் நகராட்சிப் பொறியாளர். "அம்மா கண் நிபுணர்தானே, அவங்களையே கேப்போம்" என்று தலைவர் என் மைக்கை எரியவைத்தார். ஏழு மாதத்தில் அவர்களாக என் மைக்கை எரியவைத்தது அந்த ஒரு தடவைதான். நானும் பெரிய மனுஷியாக, "மஞ்சள் தூரத்துலயே தெரியும்ங்க" என்றேன். கைதட்டினார்கள். மறுநாளிலிருந்தே எங்கள் தெருவில் மஞ்சள் சீட்டு. அடிப்பவனுக்குக் கம்பு எடுத்துக் கொடுத்த கதைதான், வேறென்ன!

மூன்றாவது எண்ணுக்கு வருவதற்குள் டீ வந்தது. தம்பிதான் பெரிய நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாக வந்தான். "டீக்கு ஒரு கையெழுத்துக்கா." ஒரு டீக்குக் கையெழுத்தா என்று கேட்டேன். "ஆடிட்ல கேப்பாங்க" என்றான். போட்டேன். டீ குடித்ததும் கூட்டம் முடிந்தது என்று தலைவர் எழுந்துவிட்டார். ஒன்பதாவது எண் அடுத்த கூட்டத்துக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரர் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். "டீ நல்லா இருந்துச்சா?"

"சூடா இருந்துச்சு."

அவருடைய அன்றைய ஒதுக்கீடு அதோடு முடிந்தது.

அடுத்தடுத்த கூட்டங்களும் இதே லட்சணம்தான். ஒரு கூட்டத்துக்கு ஆலோசகர் ஒருவர் எங்கள் தெருவை அட்டையில் செய்து கொண்டுவந்தார். விரல் அளவு கார்கள் வேறு. "இது இப்போதைய நிலை" என்று காட்டினார். பிறகு ஒவ்வொரு காராக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இது நம் இலக்கு." அறை முழுக்க ஆஹா ஓஹோ. பொறியாளர் எழுந்து வந்து நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். எவ்வளவு அழகாக இருக்கிறது என்று தலைவருக்குக் குரலே கம்மிவிட்டது.

என் மைக் எரியவில்லை. சும்மாவே கத்தினேன். "இதுல ஆளுங்க எங்க சார்?"

"மாடல்ல ஆளுங்க வைக்கறதில்லம்மா. அளவு சரியா வராது."

அன்றைக்கு அரை மணி இருபது நிமிடமானது. அபராதம் கண்ணாடி வைக்கும் டப்பாவின் விலையிலிருந்து ஒரு ஃப்ரேமின் விலைக்கு ஏறியது. நான் ஒன்பதாவது எண்ணுக்காகக் காத்திருந்தேன். டீ வந்தது. கையெழுத்துப் போட்டேன். படி இறங்கும்போது தம்பியைப் பிடித்து, "என்னடா, ஏறிக்கிட்டே போகுது?" என்றேன். "முதல்ல ஏத்தினாதான்க்கா அப்புறம் குறைக்க முடியும். நீ பேசாம இரு. நான் பாத்துக்கறேன்" என்றான்.

தெருவில் என்ன நடந்தது தெரியுமா? ரொட்டிக்கடையில் கார் நிற்காமலே ரொட்டி வாங்க ஆரம்பித்தார்கள். கடைக்கார அம்மா பையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடுவார். செருப்புக்கடையில் ஒருவர் வலது காலுக்குப் போட்டுப் பார்க்கும்போதே இருபது நிமிடம் நெருங்கிவிட, புதுச் செருப்போடு வண்டியை நகர்த்த ஓடினார். ஓடியவர் ஓடியவர்தான். செருப்புக்கடைக்காரரிடம் இன்னும் அந்த இடது செருப்பு இருக்கிறது. துணிக்கடைக்கு ஒரு பெண் சேலை எடுக்க வந்தாள். நிறுத்தினால்தானே அபராதம் என்று அவள் கணவன் காரில் தெருவைச் சுற்றி வந்தான். பதினான்காவது சுற்றில் அவனுக்கும் மஞ்சள் சீட்டு வந்தது. காரணம் என்ற இடத்தில், 'நிறுத்தும் எண்ணத்துடன் ஓட்டியது' என்று எழுதியிருந்தது.

என் கடையில் நாற்காலி காலி. சொட்டு மருந்து பாட்டில்கள் தேதி முடிந்து குப்பைக்குப் போயின. கண்ணில் மருந்தோடு ஒருவரை உட்காரவைத்துவிட்டு, "வண்டிய எடுக்கணும், எழுந்திருங்க" என்று எந்த வாயால் சொல்வது? பரிசோதனை இல்லாமல் கண்ணாடிக் கடை நடக்காது. கடையில் வேலைக்கு இருந்த இரண்டு பேரில் ஒரு பெண்ணை வேலையைவிட்டு நிறுத்தினேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

காலியாகக் கிடந்த இடத்தில் யார் வண்டியை நிறுத்தினார்கள் என்கிறீர்கள்? நகராட்சி ஊழியர்கள். அவர்களுக்கு விலக்கு ஸ்டிக்கர் உண்டாம். காலை பத்துக்கு நிறுத்தி சாயங்காலம் ஐந்தரைக்கு எடுப்பார்கள். கேட்டால், "வண்டி நிக்காம பாத்துக்க நாங்க இங்க இருக்கணும்ல?" என்றார்கள்.

ஆறாவது கூட்டத்தில் வணிகத் தாக்க அறிக்கை வந்தது. ஆலோசகர் படித்தார். "தாக்கம் மிகவும் நேர்மறையா இருக்கு. கடைகள்ல வரிசையே இல்ல. வாடிக்கையாளர் காத்திருக்கிற நேரம் பூஜ்யம். கடை ஊழியர்களுக்குப் போதுமான ஓய்வு கிடைக்குது. சத்தம், தூசி ரெண்டுமே குறைஞ்சிருக்கு. ஒரே ஒரு கவலைக்குரிய விஷயம்தான். அபராத வசூல் விழுந்துடுச்சு."

அறையில் இழவு வீட்டு அமைதி. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு உண்மையாகவே மனசு உடைந்துவிட்டது.

"நாம இந்த மக்களை நம்பினோம்" என்றார். "இவங்க வருவாங்க, நிறுத்துவாங்கன்னு நம்பித்தான் பட்ஜெட்டே போட்டோம். புது மாடி ஒண்ணு கட்ட ஆரம்பிச்சாச்சு. இப்ப பாத்தா ஒருத்தன் வண்டி நிறுத்தறதில்ல. இது துரோகம் இல்லையா?"

துரோகம்தான் என்றார் பொறியாளர். நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆலோசகரிடம் மருந்து இருந்தது. வண்டி ஏன் நிற்கிறது என்று ஆழமாக ஆராய்ந்தாராம். கடை இல்லாத தெருக்களில் யாரும் வண்டி நிறுத்துவதில்லை என்று கண்டுபிடித்தாராம். ஆகவே குற்றத்தின் வேர் கடைதான். இனி ஒவ்வொரு கடையும் பெயர்ப்பலகையின் நீள அகலத்துக்கு ஏற்ப மாதாமாதம் ஈர்ப்புக் கட்டணம் கட்ட வேண்டும். என் பலகையில் ஆறடிக்கு ஒரு கண்ணாடிப் படம். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது கூட்டத்தில் நான் மைக்குக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து நின்றேன். "ஒன்பதாவது எண்ண இன்னிக்கு எடுக்கலைன்னா நான் உக்கார மாட்டேன்" என்றேன். தலைவர் பெருந்தன்மையாக இரண்டு நிமிடம் கொடுத்தார். கொட்டித் தீர்த்தேன். சொட்டு மருந்தைச் சொன்னேன். பாட்டு வாத்தியாரைச் சொன்னேன். ரொட்டிக்கடை அம்மா முழங்கால் வலியோடு ஓடுவதைச் சொன்னேன். "நாங்க ஒண்ணும் பெருசா கேக்கல சார். ஒரே ஒரு மணி நேரம் குடுங்க. இல்லன்னா அந்தத் தெரு செத்துடும்" என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். அசிங்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். பொறியாளர் மூக்கை உறிஞ்சினார். "இதயபூர்வமா பேசினீங்கம்மா. பதிவு பண்ணிக்குங்கப்பா" என்றார் தலைவர். தம்பி எழுதிக்கொண்டான். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான்கூட. அப்பாடா, எட்டு ஊர் பாரம் இறங்கியது போல இருந்தது. டீ வந்தது. அந்த ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் டீயை ருசித்துக் குடித்தேன். கையெழுத்தையும் அழகாகப் போட்டேன்.

பத்து நாள் கழித்து நகராட்சி மண்டபத்தில் எல்லாக் கடைக்காரர்களையும் கூப்பிட்டார்கள். நல்ல சேதி என்று நான்தான் கடை கடையாகப் போய்ச் சொல்லி அழைத்து வந்தேன். முதல் வரிசையில் உட்காரவைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தலைவர் தீர்மானத்தைப் படித்தார். நேர அளவு பதினைந்து நிமிடம். அபராதம் இரட்டிப்பு. ஈர்ப்புக் கட்டணம் அடுத்த மாதத்திலிருந்து. "இது எல்லாமே வணிகர் பிரதிநிதியோட முழு ஒப்புதலோட" என்று சொல்லி, தாள்களைத் திரையில் காட்டினார்.

ஏழு தாள். ஏழு தீர்மானம். ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து. ஏழாவது கையெழுத்து மற்றதைவிட அழகாக இருந்தது.

"பொய்! அது டீக்குப் போட்டது!" என்று கத்தினேன்.

தலைவர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். "ஆமாம்மா, டீக்குத்தான். நம்ம நகராட்சி நடைமுறை அதுதானே? கூட்டத்துல டீ வாங்கினவர் அன்னைய தீர்மானத்துக்குச் சம்மதிச்சவர். எதிர்க்கிறவங்க டீ குடிக்காம எழுந்து போகணும். தனியா ஓட்டெடுப்பு எல்லாம் வெச்சா டீ ஆறிடும் பாருங்க. நாப்பது வருஷமா ஒருத்தரும் டீயை வேண்டாம்னு சொன்னதில்ல. அந்த அளவுக்கு இங்க ஒற்றுமை."

மண்டபமே என்னைப் பார்த்தது. துணிக்கடை அண்ணன் மட்டும் மெதுவாகக் கேட்டார். "நீயாம்மா?"

அவ்வளவுதான் கேட்டார். இல்லை என்று எப்படிச் சொல்வது, கையெழுத்து என்னுடையதாயிற்றே. செருப்புக்கடைக்காரர் அப்படி இல்லை. "ஒரு டீக்கா எங்கள வித்த? எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு அண்டா போட்டுத் தந்திருப்பேனே!" என்றார். ரொட்டிக்கடை அம்மா என் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து பின்வரிசைக்குப் போனார். நான் தம்பியைத் தேடினேன். மேடை ஓரத்தில் அந்த நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாடிப்படியில் வைத்து அவனைப் பிடித்தேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அக்கா, எல்லாரும் இருக்காங்க, மெதுவா பேசு."

"தெரியுமா தெரியாதாடா?"

"நடைமுறைக்கா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நீ எதிர்க்கணும்னா குடிக்காம இருந்திருக்கணும்."

"அத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னடா கேடு?"

அவன் நோட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டும்போது வருகிற அதே குரலில் சொன்னான்.

"சொன்னா நீ குடிச்சிருக்க மாட்டியேக்கா."

மிச்சத்தையும் அவனே சொன்னான். வணிகர் ஒப்புதல் இல்லாமல் தீர்மானம் செல்லாதாம். ஒப்புதலை வாங்கித் தருபவருக்கு அபராதப் பிரிவில் மேற்பார்வையாளர் பதவி என்று முதல் கூட்டத்துக்கு முன்னாலேயே பேசி முடித்திருக்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, என் கையால் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டே, அவன் என்னைக் கூப்பிட்டது இதற்குத்தான். வேறு எவன் செய்திருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். இவனோடு எப்படிச் சண்டை போடுவது? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்தேன்.

மூன்று மாதம் இழுத்துப் பார்த்தோம். பதினைந்து நிமிடத்தில் யாருக்கும் கண் பார்க்க முடியவில்லை. பெயர்ப்பலகையை இறக்கினோம், அப்போதும் கட்டணம் வந்தது, பலகை இருந்த சுவரின் அடையாளத்துக்கு. கடைசியில் பரிசோதனை நாற்காலியையும் மெஷினையும் வீட்டு முன்னறைக்கு மாற்றிவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆறு வார்த்தை. பத்தொன்பது வருடக் கடையை அதில் முடித்தார். பிறகு பின்பக்கம் போய் நின்றுகொண்டார். மெஷினைத் திட்டுகிற சத்தம் கேட்கவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தெருவின் கோடியில் வண்டியை நிறுத்திவிட்டுத் தம்பி வேகமாக நடந்து வந்தான். புதுச் சட்டை, பையில் அடையாள அட்டை. ஒரு கையில் போர்டு, ஒரு கையில் சுத்தியல். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! உன் கோரிக்கைய ஏத்துக்கிட்டாங்க!"

போர்டைத் திருப்பிக் காட்டினான். 'ஒரு மணி நேரம் நிறுத்தலாம்.' இயங்குகிற கடைக்கு முன்னால்தான் பதினைந்து நிமிடமாம். கடை மூடிய இடத்தில் ஈர்ப்பு இல்லை என்பதால் தாராளமாக ஒரு மணி நேரம் கொடுக்கலாம் என்று விதி திருத்தியிருக்கிறார்கள். தெருவிலேயே முதல் போர்டு என் கடை வாசலுக்குத்தானாம். அவனே ஃபைலை நகர்த்தினானாம்.

"நான்தான் சொன்னேன்லக்கா, உனக்கு நான் இருக்கேன்னு."

கிண்டலுக்குச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னான், அதுதான் கொடுமை. என் பாராட்டுக்காக நின்றுகொண்டிருந்தான். நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவன் கண்ணாடி மைனஸ் ஏழரை பவர். அவனுக்கு எப்போதும் நான்தான் கண் பார்ப்பேன், லென்ஸ் கனமாகத் தெரியக் கூடாது என்று வீட்டுக்காரர் இரண்டு நாள் உட்கார்ந்து தேய்ப்பார்.

"கண்ணாடியக் கழட்டு" என்றேன்.

"ஏன், சரி பண்ணணுமா?" என்று சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தான்.

மடித்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.

"அக்கா? அக்கா, விளையாடாத. எனக்கு ஒண்ணும் தெரியல." பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. "சரி, கண்ணாடி வேண்டாம். வண்டிய எந்தப் பக்கம் விட்டேன், அத மட்டும் சொல்லுக்கா."

தெரு முழுக்க நின்றது ஒரே ஒரு வண்டி. கையை நீட்டிக் காட்டினால் போதும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, என் தம்பி ஆயிற்றே. ஆனாலும் நான் சொல்லவில்லை.